இடது கைவீச்சு

என் இடது கை சரியாக வீசவில்லை என்ற செய்தியை எனக்கு முதன்முதலில் சொன்னது ஒரு வாசல்.

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று வருடம் ஒருமுறை நிரூபிக்க வேண்டும். ஒரு காலத்தில் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டோம், பிறகு கைரேகை வைத்தோம். இப்போதெல்லாம் கருவூல அலுவலக வாசலில் பத்து மீட்டர் நடந்தால் போதும். நடையைப் பார்த்தே ஆள் யாரென்று வாசல் சொல்லிவிடுகிறது. அந்த வருடம் எனக்குப் பச்சை விளக்கோடு ஒரு துண்டுச் சீட்டும் வந்தது. இடது கைவீச்சு வலதில் பாதிதான் இருக்கிறது, நரம்பு டாக்டரைப் பார்க்கவும் என்று அதில் அச்சாகியிருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னை அளக்கும் இந்த வாசலை யார் அளந்து முத்திரை வைத்தார்கள் என்று அங்கிருந்த எழுத்தரிடம் கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நான் கேட்டதில் தப்பில்லை. முப்பத்து நாலு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நான். திருநெல்வேலி, பாளையங்கோட்டைக் கடைக்காரர்களுக்குக் கோமதிநாயகம் என்ற பெயரைச் சொன்னாலே தராசுத் தட்டைத் துடைக்கத் தோன்றும். சந்தேகப்படுவதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. நானும் வஞ்சனை இல்லாமல் சந்தேகப்பட்டேன்.

என் மனைவி செண்பகவல்லி பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, ஆறு மாதமாகவே அதைத் தான் கவனித்துவருவதாகச் சொன்னாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். சொன்னால் நான் அவள் கண்ணைச் சோதிக்கப் போவேன் என்றாள். அதுவும் உண்மைதான்.

டாக்டர் ஞானமலர் சின்ன வயதுக்காரி, நிதானமாகப் பேசுகிறவள். எனக்கு வந்திருப்பது பார்க்கின்சன் நோயின் தொடக்கம் என்றாள். கை நடுங்கவே இல்லையே என்று வாதாடினேன்.

"நடுங்க ஆரம்பிக்கும்போது மூளையில அதுக்கான செல்லு பாதிக்கு மேல போயிருக்கும் சார். நடக்கும்போது கையை வீசுன்னு யாரும் மூளைக்குச் சொல்றதில்ல, அது தானா நடக்குது. அப்படித் தானா நடக்குற வேலைக்கெல்லாம் டோபமின்னு மூளையில ஊறுற ஒரு ரசாயனம் வேணும். அது குறைஞ்சா முதல்ல கைவீச்சுதான் குறையும். அதுவும் ஒரு பக்கம் மட்டும்."

அதற்கு ஒரு கருவி வந்திருந்தது. இடது மணிக்கட்டில் ஒரு காப்பு, காறையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் தீப்பெட்டி அளவில் ஒரு பம்ப். நான் நடக்கும்போது காப்பு என் கைவீச்சை அளக்கும். வீச்சு குறைந்தால் டோபமின் குறைந்துவிட்டது என்று கணக்கிட்டு, பம்பிடம் கொஞ்சம் மருந்தை விடச் சொல்லும். வேளைக்கு ஒரு மாத்திரை என்ற தொல்லை இல்லை.

அளவு கூடிப்போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். நான் வேறெதைக் கேட்பேன்? சிலருக்கு இல்லாததெல்லாம் இருப்பதாகத் தோன்றும், பக்கத்தில் இருப்பவர்கள் மேல் சந்தேகம் வரும் என்றாள் டாக்டர். அப்படி ஏதாவது தெரிந்தால் உடனே தன்னிடம் சொல்லும்படி செண்பகத்திடம் கேட்டுக்கொண்டாள்.

"இவியளுக்கா?" என்றாள் செண்பகம். "இனிமே புதுசா வந்தா நான் எத வச்சி டாக்டர் கண்டுபிடிக்க?"

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைவு.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இரண்டு வாரம் நடக்கவிட்டுக் கருவியைப் பழக்கினார்கள். அங்கே பேன்ட்தான் போட வேண்டும். பத்தாம் நாள் என் இடது கை, அணிவகுப்பில் போகும் போலீஸ்காரன் கைபோல வீசியது. செண்பகம் தாழ்வாரத்துக் கோடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரத்தில் எனக்குக் கண் திறந்தது. அப்படித்தான் அதைச் சொல்ல முடியும். சந்தேகம் வந்தபோது அது சந்தேகம் மாதிரியே இல்லை. நல்ல கண்ணாடி மாற்றிப் போட்டதுபோல் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பால்காரன் அளவில் குறைக்கிறான் என்று தெரிந்தது. எதிர் வீட்டுக்காரர் நான் கடந்துபோகும்போது பேச்சை நிறுத்துகிறார் என்று தெரிந்தது. செண்பகம் மாலை ஐந்து மணிக்குத் தினமும் வெளியே போகிறாள், திரும்பி வரும்போது முகம் வேறு மாதிரி இருக்கிறது என்பதும் தெரிந்தது.

எங்கே போய் வருகிறாய் என்று கேட்டேன். நூலகத்துக்கு என்றாள். மறுநாள் பின்னாலேயே போனேன். நூலகத்தைத் தாண்டிப் போனாள். இரண்டு தெரு தள்ளித் தேவசகாயம் வீட்டுக்குள் நுழைந்தாள்.

தேவசகாயம் அவள் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். மனைவி மேரி இறந்து ஒரு வருடம் ஆகவில்லை. மனிதர் வாசல்வரை வந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை இவளிடம் கொடுத்தார். இவள் அதைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். என் மனைவி என்னிடம் பொய் சொன்னாள் என்பதற்கு இனி யாரிடம் அத்தாட்சி கேட்க வேண்டும்?

அதன்பின் அவளைப் பின்தொடர்வதே எனக்கு வேலையாகிப் போனது. முருகன்குறிச்சிவரை போனாள், போனேன். என் ஆஸ்பத்திரிக்கே போனாள், அங்கேயும் போய் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன். டாக்டரும் உடந்தை என்று அப்போது புரிந்தது. பின்தொடரப் பின்தொடரச் சந்தேகம் வலுத்தது. வீட்டுக்கு வந்து அவளைக் கேள்வி கேட்டேன். அவள் வாங்கிய புடவை நிறத்துக்குக் காரணம் கேட்டேன். முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் கல்யாணத்துக்கு வந்தவர்கள் பட்டியலில் தேவசகாயம் ஏன் இருந்தார் என்றுகூடக் கேட்டேன். அவள் பதில் சொல்லச் சொல்ல, பதில் தயாராக இருப்பதே எனக்குத் தப்பாகப் பட்டது.

மேரியின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபக்கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஜெபம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. நாற்பது பேராவது இருப்பார்கள். தேவசகாயம் தண்ணீர் ஜக்கோடு என் இலைக்குப் பக்கத்தில் வந்து, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லவா என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

"இந்த வீட்டுல ரெண்டு பேரு மேரி எப்பச் சாவான்னு காத்துக் கெடந்தாவ," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஒருத்தரு தண்ணி ஊத்திக்கிட்டு நிக்காரு. இன்னொருத்தியக் கூட்டிட்டு வந்தது நான்."

தேவசகாயம் ஜக்கைக் கீழே வைத்தார். அவர் மகள் சாப்பிட்ட கையோடு அழ ஆரம்பித்தாள். செண்பகம் கை கழுவிவிட்டு வந்து, தேவசகாயத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

அடுத்த மூன்று நாளும் வீட்டில்தான் இருந்தாள். சமைத்தாள், பேசவில்லை. நான்காம் நாள் காலையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு தென்காசியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போகிறவள் அன்றைக்கே போகாமல் நான்காம் நாள் ஏன் போனாள் என்று யோசித்தேன். இடையில் யாரிடமோ கலந்து பேசியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

தனியாக இருந்தபோது வீட்டு வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. ஒரு நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டேன். ஈரத் துணிக்கும் கொடிக்குமாக இருபது நடை நடந்திருப்பேன். ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. பிறகு விளங்கியது. காப்பு சும்மா இருந்தது. பம்ப் மருந்து விடும்போதெல்லாம் காப்புக்குள் எறும்பு ஊர்வதுபோல லேசாகக் குறுகுறுக்கும். தெருவில் நடந்தால் நூறடிக்கு ஒருமுறை ஊரும் எறும்பு மாடியில் ஏன் ஊரவில்லை?

அளவுக்கருவியை அது வேலை செய்கிற இடத்தில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். கடைக்காரன் துடைத்து, பொட்டு வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவரும் தராசு எப்போதும் சரியாகத்தான் நிற்கும். புளி ஒட்டிக்கொண்டு, சாய்ந்த பலகையில் நிற்கும்போதுதான் அதன் குணம் தெரியும். இதை நூறு கடையில் சொன்னவன், என் கையில் மாட்டியதை மட்டும் தாழ்வாரத்தில் பார்த்ததோடு விட்டிருந்தேன்.

தெருக்கோடிவரை இருநூறடி. முதலில் பேன்ட் போட்டு நடந்தேன். குறுகுறுப்பு இல்லை. வேட்டியை மடித்துக் கட்டி நடந்தேன். இல்லை. கடைசியில் நான் எப்போதும் நடப்பதுபோல, வேட்டியை இறக்கிவிட்டு, அதன் நுனியை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். போகும்போது இரண்டு குறுகுறுப்பு, வரும்போது இரண்டு. மூன்று முறை திருப்பிச் செய்தேன். எதிர் வீட்டுக்காரர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தது.

டாக்டர் ஞானமலர் முன்னால் தாழ்வாரத்தில் வேட்டி நுனியைப் பிடித்து நடந்து காட்டினேன். அவள் கணினியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் மாறியது. கம்பெனியைக் கூப்பிட்டாள். அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தாள்.

பேன்ட் பையில் கை விட்டு நடந்தால் காப்புக்குத் தெரியுமாம். கைப்பை, செல்போன், ஊன்றுகோல் எல்லாம் தெரியுமாம். கை அப்போது அசையாமல் நிற்கும், அதைக் கணக்கில் எடுக்காது. வேட்டி நுனியைப் பிடித்தால் கை அசையாமல் நிற்பதில்லை. ஒவ்வொரு எட்டுக்கும் துணி கையை லேசாக இழுக்கிறது. கொஞ்சமாக, தாளம் தப்பாமல் கை ஆடுகிறது. நோய் பிடித்த கையும் அச்சாக அப்படித்தான் ஆடுமாம்.

"அந்தக் கம்பெனியில யாரும் வேட்டி கட்டுனதே இல்லையா?" என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்குக் கட்டியிருப்பாங்க சார். அங்க யாரு இருநூறடி நடக்குறா?"

பிறகு அவள் சிரிக்கவில்லை. இந்த மாவட்டத்தில் இந்தக் கருவியோடு இருக்கும் வேட்டிக்காரர்கள் பதினோரு பேர் என்றாள். அவர்களில் ஒருவர் அண்ணன் தம்பி சொத்துக்காக விஷம் வைக்கிறார்கள் என்று ஊரைக் கூட்டினாராம். இன்னொருவரை வீட்டுக்காரர்களே மனநல மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். அங்கே அவருக்குப் பைஜாமா கொடுத்திருக்கிறார்கள்; பத்து நாளில் தெளிந்துவிட்டார். வீட்டுக்கு வந்து வேட்டி கட்டியதும் மறுபடி ஆரம்பித்துவிட்டது. அவருக்குப் பைத்தியம் என்று ஊரே முடிவு செய்துவிட்டது.

செண்பகம் தினமும் எங்கே போனாள் என்பதும் டாக்டர் சொல்லி அன்றுதான் தெரிந்தது. மேரிக்கும் இதே நோய்தான் இருந்திருக்கிறது. பழைய மாத்திரை கூடியபோது அவளும் தேவசகாயத்தைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். அந்த நாட்களில் அவர் எழுதிவைத்த குறிப்புகள்தான் அந்த நோட்டுப் புத்தகம். அதை எடுத்துக்கொண்டு இவள் டாக்டரிடம் நான்கு முறை வந்து மருந்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாள். கைவீச்சு குறைவாகவே இருப்பதாகக் காப்பு காட்டுகிறது, குறைக்க முடியாது என்று டாக்டர் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

எனக்கு அழுகையும் வந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமும் வந்தது. அதை மறைப்பானேன்? குற்றவாளி அகப்பட்டுவிட்டான், அது நானில்லை. எல்லா நாளின் பதிவையும் அச்சடித்துத் தரும்படி டாக்டரிடம் கேட்டேன். செண்பகம் வாய்ப் பேச்சை நம்ப மாட்டாள், வரைபடத்தை நம்புவாள். நாளுக்கு ஒரு பக்கமாகத் தொண்ணூற்று நாலு பக்கம் வந்தது. கொடுக்கும்போது டாக்டர் கொஞ்சம் தயங்கினாள்.

"அம்மாகிட்டக் கொடுக்குறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ முழுசாப் படிச்சிருங்க சார்."

தென்காசி பஸ்ஸில் படித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு பக்கத்திலும் கோடு மலை மலையாக ஏறி இறங்கியது. பால்காரனிடம் சண்டை போட்ட நாள், ஒரு மலை. வேப்பமரத்துக்குப் பின்னால் நின்ற நாள், பெரிய மலை. ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க மனசு லேசானது. ஆலங்குளம் தாண்டி அறுபத்தொன்றாம் பக்கத்துக்கு வந்தேன்.

கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

தேதியைப் பார்த்தேன். ஜெபக்கூட்ட நாள். அன்று காலை ஆஸ்பத்திரியில் மாதப் பரிசோதனை இருந்தது. பேன்ட் போட்டுக்கொண்டு போனேன். அங்கிருந்து நேராகத் தேவசகாயம் வீடு. முந்தைய நாள் மருந்தின் மிச்சம் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். ரத்தத்தில் இருந்த அளவையும் கீழே போட்டிருந்தார்கள். காலைப் பரிசோதனையின்போதே சரியாகியிருந்தது. பல வாரம் ஊறிய சந்தேகம் ஒரே நாளில் போய்விடுமா என்றும் கேட்டுக்கொண்டேன். கேட்கலாம், டாக்டரே ஒத்துக்கொள்வாள். ஆனால் எனக்குத் தெரியும். அன்று காலை ஆஸ்பத்திரிப் பெஞ்சில் தலை தெளிவாக உட்கார்ந்திருந்தபோது, தேவசகாயம் அப்படிப்பட்ட ஆள் இல்லையோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அதைத் தள்ளிவிட்டு, எந்த இடத்தில் சொன்னால் அதிகம் வலிக்கும் என்று யோசித்து, அந்த வாக்கியத்தை அங்கேயேதான் கோர்த்தேன். கூட்டம் நிறையட்டும் என்று பந்திவரை காத்திருந்தேன்.

வெட்கம் என்றால் என்ன என்று அறுபத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டேன். பாவூர்சத்திரத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. இறங்கி, அந்த ஒரு பக்கத்தை உருவி, எட்டாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு மறுபடி ஏறினேன். கள்ளப் படிக்கல்லை வைத்துக்கொண்டு என் முன்னால் விழித்த எத்தனையோ கடைக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

செண்பகம் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். வேட்டி விஷயத்தைச் சொன்னேன். தலையாட்டினாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எண் போட்டிருந்தது என்பது அவள் ஐம்பதைத் தாண்டியபோதுதான் என் கண்ணில் பட்டது. அறுபது. அடுத்தது அறுபத்திரண்டு. அவள் விரல் நின்றதா இல்லையா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. கடைசிப் பக்கம்வரை பார்த்தாள்.

"அப்ப எல்லாம் மெஷின் செஞ்ச வேலதானா?" என்றாள்.

"ஆமா," என்றேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, பையை எடுத்துட்டு வாரேன் என்று உள்ளே போனாள்.

வீடு பழையபடி ஆனது. காப்புக்கு வேட்டியைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். மருந்து அளவாக இறங்குகிறது, கை வீசுகிறது. தேவசகாயம் வீட்டுக்குப் போய் அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர், நோய் செய்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று என்னைத் தூக்கிவிட்டார். செண்பகம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எனக்குத்தான் நிம்மதி இல்லை. இவளுக்குத் தெரியுமா, தெரியாதா? சாம்பாரில் உப்பு குறைந்தால் தெரியும் என்று தோன்றும். சிரித்தால் தெரியாது என்று தோன்றும். இந்தச் சந்தேகத்தைக் கொண்டுபோய்ப் போட எனக்கு ஒரு மெஷினும் இல்லை.

போன வாரம் ஓய்வூதியப் புத்தகத்தைத் தேடிப் பீரோவைத் திறந்தேன். வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் அந்தப் பதிவுக் கட்டு இருந்தது. கை சும்மா இருக்குமா? புரட்டினேன். அறுபது, அறுபத்தொன்று, அறுபத்திரண்டு.

அறுபத்தொன்றாம் பக்கம் அதன் இடத்தில் இருந்தது. நான்காக மடித்துப் பிரித்த தாள், மடிப்பு பழுப்பேறியிருந்தது. அடியில் அந்தத் தாள் அச்சான தேதி இருந்தது. ஜெபக்கூட்டத்துக்கு மூன்றாம் நாள் தேதி. அவள் தென்காசிக்குப் போவதற்கு முந்தின நாள்.

அந்த மூன்று நாளும் அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. அன்றைக்குப் பேசியது மருந்தா, மனிதனா என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். பதில் கையில் கிடைத்த பிறகுதான் பையை எடுத்திருக்கிறாள். அதே தாளைத் தன்னிடம் வைத்துக்கொண்டுதான், நான் நீட்டிய தொண்ணூற்று மூன்று பக்கத்தையும் பொறுமையாகப் பார்த்திருக்கிறாள்.

பதிவுக் கட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். செண்பகம் கீழே உட்கார்ந்து அரிவாள்மணையில் புடலங்காய் அரிந்துகொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

"எங்க வச்சிக் கிழிச்சிய?" என்றாள், நிமிராமல்.

"பாவூர்சத்திரத்துல."

"ம்."

தெரிந்தும் ஏன் வந்தாய் என்று கேட்டேன். அவள் அரிவதை நிறுத்தினாள்.

"குடுத்திருந்தா சந்தோசப்பட்டிருப்பேன். குடுக்கல. ஆனா தொண்ணூத்தி நாலுல எதக் கிழிக்கணும்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. வெக்கப்படத் தெரிஞ்ச மனுசனோட இருந்து பாப்போம்னு வந்தேன்."

இனி சந்தேகப்பட மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சத்தியமெல்லாம் வேண்டாம். முன்னால பாதி மெஷின், பாதி நீங்க. எது யாருதுன்னு பக்கம் பக்கமாப் பாக்க வேண்டியிருந்துச்சு. இப்ப மருந்து அளவு சரியா இருக்கு. இனிமே நீங்க பேசுற ஒவ்வொரு சொல்லும் ஒங்களோடதுதான். அத மட்டும் நெனப்புல வச்சிக்கிடுங்க."

சரி என்றேன். அவள் மறுபடி புடலங்காயை அரிய ஆரம்பித்தாள்.